ஊராட்சி வைத்த மொய் விருந்து

கொஞ்சம் தள்ளி உட்காருங்க தாயி. ஜன்னலோரம் உங்களுக்கே இருக்கட்டும், எனக்கு இந்த நுனி போதும். பையில மூணு நீள நோட்டு இருக்கு, கீழ வச்சா மிதிபடும், அதான் மடியிலயே வச்சிருக்கேன். உங்க மேல சாயாது, பயப்படாதீங்க.

எதுவரைக்கும் போறீங்க? டவுனுக்கா. நானும் அங்கதான், பெரிய ஆபீஸுக்கு. பதினோரு மணிக்கு வந்து நில்லுன்னு காகிதம் வந்திருக்கு. என்னைப் பார்த்தா உங்களுக்கு என்ன தோணுது? முதியோர் பணத்துக்கு அலையிற கிழவின்னுதானே? தோணட்டும். நான் கருக்கங்கொல்லை ஊராட்சி மன்றத் தலைவர். பேரு வள்ளிக்கண்ணு, கணவர் அடைக்கலம், படிப்பு மூணாங்கிளாஸ். இந்தத் தடவை பொம்பளைங்களுக்குன்னு ஒதுக்கிட்டாங்க. எங்க வீட்டுக்காரர்தான் என்னை நிறுத்தினார். ஜெயிச்ச மறுநாள் அவரே போய்த் தலைவர் நாற்காலியில உட்கார்ந்துட்டார். "அதுல உட்காரணும்னா சேலை கட்டிக்கிட்டு வா"ன்னு சொன்னேன். எழுந்து போனவர்தான், இன்னிவரைக்கும் ஆபீஸ் வாசல்ல பீடி பத்தவைக்கக்கூட வர்றதில்லை.

சொல்ல வந்தது அதில்லை. பாலத்தைப் பத்தி.

எங்க ஊரை ஒரு காட்டாறு ரெண்டாப் பிளந்து போட்டிருக்கு. வடகரையில பள்ளிக்கூடம், ரேஷன் கடை, பஸ் நிக்கிற ரோடு. தென்கரையில எங்க வீட்டோட சேர்த்து அறுபத்திரண்டு வீடு. கோடையில மணல்ல நடந்து போயிடலாம். ஐப்பசி பொறந்தா இடுப்பளவு தண்ணி. என் மருமக தேன்மொழி ஒரு ஐப்பசியில பேத்தியைத் தூக்கிக்கிட்டு ஆத்துல இறங்கினா, பள்ளிக்கூடத்துல விடலாம்னு. நடு ஆத்துல கால் வழுக்கிடுச்சு. பிள்ளைக்கு ஒண்ணும் ஆகலை, அய்யனார் புண்ணியம். புத்தகப் பையும் ஒரு செருப்பும் போச்சு. திரும்பி வந்தவ சொட்டச் சொட்ட வாசல்ல நின்னா. சத்தம் போடலை. "அத்தை, பாலம் வந்ததும் ஒரு ஃபோன் போடுங்க, வர்றேன்"னா. அன்னிக்குச் சாயங்காலமே அவ அம்மா வீட்டுக்குப் போயிட்டா. வர்ற ஐப்பசியோட ரெண்டு வருஷம். மகன் குமரவேலு லாரி ஓட்டுறான், லோடு இறக்கினா அவனும் மாமியார் வீட்டுக்குத்தான் போறான். பேத்தி மூஞ்சியைப் பார்க்கணும்னா நான் ரெண்டு பஸ் மாறணும்.

அவ மேல தப்புச் சொல்ல மாட்டேன். நிபந்தனை வச்சா, ஆனா எதிர்ல நின்னு வச்சா. மத்தவங்க நிபந்தனையெல்லாம் எனக்குத் தபால்லதானே வருது.

அவ போய் ரெண்டு மாசத்துல தேர்தல். ஜெயிச்ச கையோட யூனியன் ஆபீஸ் படியேறினேன். அங்க இருந்த பி.டி.ஓ. அய்யா நல்ல மனுஷர். நாற்காலி போடச் சொன்னார், டீ வரவழைச்சார்.

"பாலம் வேணும் அய்யா."

"எஞ்சினியர் எவ்வளவு போட்டிருக்கார்?"

"முப்பத்தாறு லட்சம்."

மனுஷர் பேனாவை மூடி வச்சுட்டார். அப்புறம் விரலை மடக்கி மடக்கிச் சொன்னார். ஊராட்சிக்கு மூணு வழியில காசு வருதாம். ஒண்ணு டெல்லிக் காசு. ஒண்ணு மெட்ராஸ் காசு. ஒண்ணு நம்ம சொந்தக் காசு, வீட்டு வரி, தண்ணி வரி.

"அப்ப டெல்லிக் காசுல கட்டிருவோம் அய்யா."

"அதுல பத்து ரூபாய்க்கு ஆறு ரூபாய் தண்ணிக்கும் சுகாதாரத்துக்கும்னு கட்டிப்போட்ட காசும்மா. வேற எதுக்கும் தொடக்கூடாது."

"பாலம் தண்ணிக்கு மேலதானே அய்யா போகுது?"

"மேல போனாப் பத்தாதும்மா. குடிக்கணும்."

"மீதி நாலு ரூபாய்?"

"அது உங்க ஊருக்கு வருஷத்துக்கு ரெண்டு லட்சம் தேறும். பதினெட்டு வருஷம் தொடாமச் சேர்த்தா பாலம் வந்துரும். ஆனா சேர்க்கக்கூடாது. வந்த வருஷமே செலவழிக்கணும்."

"மெட்ராஸ் காசு?"

"அது வந்த வேகத்துல கரண்டு பில்லுக்கும் டேங்க் ஆபரேட்டர் சம்பளத்துக்கும் போயிரும். மிச்சம் விழுந்தா வந்து சொல்லுங்க. எனக்கும் ஒரு தடவை பார்க்கணும்னு ஆசை."

சிரிக்கிறீங்க. நானும் சிரிச்சேன். சிரிச்சுட்டு வெளிய வந்து படியில உட்கார்ந்துட்டேன்.

அந்தக் கட்டிப்போட்ட காசை என்ன பண்றது சொல்லுங்க? கக்கூஸ் கட்டினோம். எனக்கு முந்தியே ஒண்ணு இருந்தது, நான் வந்து ரெண்டு. ஒண்ணுல ஜனம் போகுது. ஒண்ணுல உடையப்பன் கடலை மூட்டை அடுக்கியிருக்கார். மூணாவது தென்கரைக்குன்னு வந்தது. தென்கரையில புறம்போக்கு இடம் இல்லைன்னு வடகரையில கட்டியாச்சு. நாங்க அவசரத்துக்குப் போகணும்னா ஆத்தைக் கடந்துதான் போகணும்.

உடையப்பன் யாருன்னு சொல்லலையே. பழைய தலைவர். பொம்பளைங்களுக்கு ஒதுக்கினதும் தன் பொண்டாட்டியை என்னை எதிர்த்து நிறுத்தி முப்பத்தொரு ஓட்டுல தோத்தவர். நான் எங்க நின்னாலும் ரெண்டடி தள்ளி அவர் நிப்பார்.

சொந்தக் காசுன்னாரே பி.டி.ஓ. அய்யா, அதுலயும் ஒரு கொக்கி போட்டார். "உங்க ஊர்ல வீட்டு வரி வசூல் நூத்துக்குப் பதினாலுதாம்மா. சொந்த வசூல் ஏறினாத்தான் டெல்லிக் காசும் ஏறும்னு சொல்லிட்டாங்க"ன்னார். எனக்குச் சுருக்குன்னு ஆயிடுச்சு. "அய்யா, நான் வந்த நாள் முதலா ஒரு வீட்டு வாசல்ல வரின்னு போய் நின்னது கிடையாது. ஒரு குடும்பத்தை நோகடிச்சது கிடையாது. எங்க வீட்டு வரியையே ஆறு வருஷமா யாரும் கேட்டது கிடையாது"ன்னேன். பெருமையாத்தான் சொன்னேன். அவர் என்னவோ என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். மாமன் மச்சான் வீட்டுல போய் நூத்திப்பத்து ரூபாய்க்குக் கையேந்துறதா? மேல இருக்கிறவங்களுக்குத்தான் கொடுக்கிற மனசு இல்லை. நாமளாவது ஜனங்க கழுத்தைப் பிடிக்காம இருக்கலாமில்ல.

மெட்ராஸுக்கு எழுதிப் போட்டோம். மத்தியப் பங்கு வந்ததும் மாநிலப் பங்கு பரிசீலிக்கப்படும்னு பதில் வந்தது. டெல்லிக்கு எழுதினோம். மாநிலப் பங்கைக் காட்டினதும் மத்தியப் பங்கு பரிசீலிக்கப்படும்னு பதில். கல்யாணப் பந்தியில ரெண்டு சம்பந்தியும் நின்னுக்கிட்டு, "நீங்க உட்காருங்க", "இல்லல்ல, நீங்க முதல்ல உட்காருங்க"ன்னு உபசாரம் பண்ற மாதிரி. இலை போட்டவன் போட்ட இடத்துலயே நிக்கிறான், சோறு ஆறிப் போகுது.

போன வருஷம் ஆகஸ்டு பதினஞ்சு, கிராம சபைக் கூட்டம். நான் பாலத்துக் கதையைச் சொல்லி முடிச்சேன். உடையப்பன் துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டு எழுந்தார்.

"ஆத்தா வள்ளிக்கண்ணு, தீப்பெட்டி வாங்கினா அதுல டெல்லிக்கு ஒரு பங்கு, மெட்ராஸுக்கு ஒரு பங்குன்னு அம்பது வருஷமா நாம மொய் எழுதிக்கிட்டு இருக்கோம். ஒரு தடவையாவது திருப்பிச் செஞ்சிருக்கானுங்களா? பேசாம நீ ஒரு மொய் விருந்து வையி. வந்து செய்யட்டும்."

ஜனம் ஓன்னு சிரிச்சது. அவர் என்னைக் கிண்டல் பண்ணத்தான் சொன்னார். எனக்கு அதுல கிண்டலே தெரியலை தாயி. கோயில்ல உடுக்கை அடிச்ச மாதிரி இருந்தது.

நீங்க எந்தப் பக்கம்? ஈரோடா. அப்ப எங்க பக்கத்து மொய் விருந்து உங்களுக்குத் தெரியாது. கல்யாணம் காதுகுத்து எதுவும் வேண்டியதில்லை. ஆடி, ஆவணியில பந்தல் போட்டு, ஆடு வெட்டி, பத்திரிகை அடிச்சு ஊரைக் கூப்பிடுவோம். வந்தவங்க சாப்பிட்டுட்டு மொய் எழுதுவாங்க. நான் உங்க விருந்துல ஆயிரம் எழுதியிருந்தா, என் விருந்துல நீங்க அந்த ஆயிரத்தோட மேல ஏதாவது சேர்த்து எழுதணும். முன்னப்பின்ன கொடுக்கல் இல்லாதவங்க புதுசா எழுதினா அது புதுநடை, அதை நான் நாளைக்கு அவங்க விருந்துல திருப்பணும். பத்திரம் கிடையாது, வட்டி கிடையாது, சாட்சி கிடையாது. நோட்டு ஒண்ணுதான். மொய்யைத் திருப்பாதவன் வீட்டுல எங்க பக்கம் பொண்ணு எடுக்க மாட்டாங்க, பொண்ணு கொடுக்கவும் மாட்டாங்க. கொலை பண்ணிட்டு வந்தவனுக்குக்கூட யாராவது ஒருத்தர் பரிஞ்சு பேசுவாங்க. மொய் தின்னவனுக்குப் பேச ஆள் கிடையாது.

மறுநாளே தீர்மானம் போட்டேன். எங்க ஊராட்சிச் செயலர் வைரவன், நல்ல பையன், நாற்பத்தெட்டு வயசு. பேனாவைப் பிடிச்சுக்கிட்டு எழுத மாட்டேங்கிறான்.

"அக்கா, எனக்குப் பென்ஷன் வேணும்க்கா."

"எழுது. பென்ஷன் வராட்டி உனக்கும் ஒரு விருந்து வச்சுருவோம்."

பத்திரிகை அடிச்சோம். எனக்கு மனப்பாடம், கேளுங்க. 'அன்புடையீர், எங்கள் ஊராட்சியின் சார்பில் நடைபெறும் மொய் விருந்துக்குத் தாங்கள் சுற்றமும் நட்பும் சூழ வருகை தந்து, தீப்பெட்டி முதல் டிராக்டர் டயர் வரை வரி என்ற பெயரில் எங்கள் ஊரார் தங்களுக்கு இதுநாள்வரை செய்துள்ள மொய்யைத் திருப்பிச் செய்து சிறப்பிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். அசைவ உணவு உண்டு.' டெல்லிக்கு ஒண்ணு, மெட்ராஸுக்கு ஒண்ணு, ரெண்டும் ரிஜிஸ்டர் தபால்ல. வாங்கிக்கிட்டோம்னு சீல் குத்தி டெல்லியில இருந்து அட்டை திரும்பி வந்தது. பத்திரிகையைக் கையில வாங்கிட்டா வரணுமில்ல? எனக்கு நம்பிக்கை வந்துருச்சு. சைவம் சாப்பிடுறவங்களா இருந்தா என்ன பண்றதுன்னு தனியா ஒரு சாம்பாருக்கும் சொல்லி வச்சேன்.

விருந்துக்கு மூணு நாள் முந்தி ஒரு உறை வந்தது. பிரிச்சா எங்க பத்திரிகையேதான். டெல்லியில இருந்து மெட்ராஸுக்குத் தள்ளியிருக்காங்க, தக்க நடவடிக்கைக்குன்னு. மெட்ராஸ்ல இருந்து ஜில்லாவுக்கு, அங்க இருந்து யூனியனுக்கு. யூனியன்ல இருந்து, 'கருக்கங்கொல்லை ஊராட்சித் தலைவர் இதன் மீது உரிய நடவடிக்கை எடுத்து அறிக்கை அனுப்பவும்'னு எனக்கு. ஒவ்வொரு இடத்துலயும் ஒரு சீல், ஒரு நம்பர். எங்க பத்திரிகைக்கு நானே பதில் எழுதணும். வைரவன் தலையில கையை வச்சுட்டான். நான் சொன்னேன், "தலைவர் அவசியம் கலந்துகொள்வார்னு எழுதி அனுப்பு."

எழுதி அனுப்பினான். அதுக்கும் ஒரு நம்பர் போட்டிருப்பாங்க.

டெல்லி வரலை, மெட்ராஸ் வரலை. ஜனம் வந்தது தாயி, கடல் மாதிரி. வீட்டுக்கு ஒரு பங்குன்னு காசு போட்டு ஆடு வாங்கியிருந்தோம், ஊராட்சிக் காசுல ஒரு பைசா தொடலை. மொய் எழுத ஆறு மேசை. பக்கத்து ஊராட்சித் தலைவருங்க பதினோரு பேர், அவங்கவங்க ஊர்ல வசூல் பண்ணிக் கொண்டுவந்து அவங்க ஊர் பேர்ல எழுதினாங்க. எல்லாம் புதுநடை. நாளைக்கு அவங்களும் விருந்து வைக்கணுமே, அவங்க ஊர்லயும் பாலம் இல்லை, ரோடு இல்லை. மொத்தம் ஆயிரத்து நூத்து நாற்பத்து மூணு பேர். பன்னெண்டு லட்சத்து நாற்பதாயிரம். எண்ணி முடிச்சப்போ வைரவன் அழுதுட்டான்.

பி.டி.ஓ. அய்யாவும் வந்தார். மூணு தடவை குழம்பு வாங்கிச் சாப்பிட்டார். மொய் மேசையில ஆயிரத்தொரு ரூபாய் வச்சார். எழுதுறவன் பேரைக் கேட்டான். "வட்டார வளர்ச்சி அலுவலர்னே போடுப்பா"ன்னார், கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்திக்கிட்டு.

கை கழுவுற இடத்துல என்கிட்டக் கேட்டார். "ஏம்மா, இப்படி லட்சம் லட்சமா எழுதுற ஜனம், நூத்திப்பத்து ரூபாய் வீட்டு வரி கட்ட மாட்டேங்குதே?"

"மொய்னா திரும்பி வரும் அய்யா. வரி போனது போனதுதானே."

அவர் வாயைக் கொப்பளிச்சுத் துப்பினார். அப்புறம் சொன்னார். "ஊர் ஒரு பங்கு போட்டா அரசாங்கம் ரெண்டு பங்கு போடும்னு ஒரு திட்டம் இருக்கும்மா. உங்க ஊர் வசூலைப் பார்த்துட்டு நான்தான் இவ்வளவு நாளும் சொல்லலை."

பன்னெண்டு நம்ம பங்கு, இருபத்துநாலு அவங்க பங்கு. முப்பத்தாறு. கணக்கு அச்சுல வார்த்த மாதிரி உட்கார்ந்துருச்சு. மார்கழியில முதல் தவணை பன்னெண்டு லட்சம் வந்தது. நான் தேன்மொழிக்கு ஃபோன் போட்டேன். "தூண் எழும்புது, துணிமணியை மூட்டை கட்டு"ன்னேன். "தூண்ல எப்படி அத்தை நடக்கிறது, தளம் போட்டதும் சொல்லுங்க"ன்னா. விவரமான பிள்ளை.

டிக்கெட்டா? எனக்கு இல்லப்பா, பொம்பளைங்களுக்கு இலவசம்தானே இந்த பஸ்ஸு. பார்த்தீங்களா தாயி, மெட்ராஸ்காரங்க திருப்பிச் செய்யிற மொய் இது ஒண்ணுதான். அதையும் எட்டு ரூபாய் எட்டு ரூபாயாத்தான் செய்றாங்க.

எங்க விட்டேன்? ஆங். தை மாசம் பி.டி.ஓ. அய்யா மகளுக்குக் கல்யாணம். பத்திரிகை வந்தது. எங்க பக்கம் எவளைக் கேட்டாலும் சொல்லுவா, இனி என்ன செய்யணும்னு. ஆயிரத்தொண்ணு வந்திருக்கு, ரெண்டாயிரத்தொண்ணாத் திருப்பணும். யார் திருப்பணும்? மொய் வாங்கினது ஊராட்சி. அப்ப ஊராட்சிதான் திருப்பணும். என் கைக்காசுல செஞ்சா அது என் மொய்யால்ல ஆயிடும்? ஊர் மொய் அப்படியே நிக்குமே. ஊராட்சிக் காசை ரொக்கமா எடுக்கக்கூடாதாம், செக்குதானாம். ரெண்டாயிரத்தொண்ணுக்குச் செக்கு எழுதி, தாம்பாளத்துல வெத்தலை பாக்கு தேங்காய்க்கு நடுவுல வச்சு, மேடையில பொண்ணு மாப்பிள்ளை பக்கத்துல நின்ன அய்யா கையில கொடுத்தேன். ஃபோட்டோ எடுத்தாங்க. ஊர்ல வந்து வைரவன் கணக்குல எழுதினான், 'வட்டார வளர்ச்சி அலுவலருக்கு மொய் திருப்பியது'ன்னு. ஒளிவு மறைவு கிடையாது.

வைகாசியில தணிக்கைக்கு ஒரு தம்பி வந்தான். மீசை சரியா முளைக்காத முகம், ஆனா கண்ணு பருந்துக் கண்ணு. அந்த வரியில விரலை வச்சான்.

"மேலதிகாரிக்கு ஊராட்சி நிதியில இருந்து ரெண்டாயிரத்து ஒண்ணு கொடுத்திருக்கீங்க. இது என்னம்மா?"

"மொய் தம்பி."

"மொய்னு கணக்குல தலைப்பு இல்லைம்மா."

"இல்லாட்டி ஒண்ணு போட்டுக்கங்க."

"சரி. அந்தப் பன்னெண்டு லட்சத்து நாற்பதாயிரம், அது என்ன? நன்கொடையா?"

"அதுவும் மொய்தான்."

"திருப்பித் தரணுமா?"

இந்த இடத்துலதான் தாயி எல்லாரும் என்னைத் திட்டுறாங்க. வைரவன் பின்னாடி நின்னு கண்ணைக் கண்ணைக் காட்டினானாம். நான் கவனிக்கலை. என் மானத்தைப் பத்தி ஒருத்தன் கேள்வி கேட்கிறான், நான் வைரவன் கண்ணையா பார்த்துக்கிட்டு இருப்பேன்?

"திருப்பாம இருந்தா அதுக்குப் பேரு மொய் இல்லை தம்பி, திருட்டு. ஒவ்வொரு ரூபாயும் மேல சேர்த்துத் திருப்புவோம்"னேன்.

தம்பி எழுதிக்கிட்டான். நான் சொன்னதை அப்படியே எழுதிக்கிட்டான்.

அடுத்த மாசம் காகிதம் வந்துச்சு. திருப்பித் தரவேண்டிய பணம்னா அது கடன். ஊராட்சி மேலிடத்து அனுமதி இல்லாமக் கடன் வாங்கக்கூடாது. கடன் வாங்கிப் போட்டது மக்கள் பங்கு ஆகாது. மக்கள் பங்கு இல்லாட்டி அரசாங்கத்துப் பங்கும் இல்லை. ரெண்டாம் தவணை நிறுத்தம். முதல் தவணையைத் திரும்பக் கட்டுன்னு வேற. ஆத்துக்குள்ள நாலு தூண் நிக்குது தாயி, மேல தளம் இல்லை. தூணுக்கு ஒரு காக்கா உட்கார்ந்திருக்கு.

பி.டி.ஓ. அய்யா அலறிக்கிட்டு அந்த ரெண்டாயிரத்தொண்ணைக் கொண்டுவந்து கட்டி ரசீது வாங்கிட்டுப் போனார், லஞ்சம்னு சொல்லிருவாங்கன்னு. வைரவன் அதை வரவுல வச்சான். எனக்கு என்ன கவலைன்னா, இப்ப அது புது மொய் ஆயிடுச்சே, அடுத்த மகளுக்கு நாலாயிரமாச் செய்யணுமேன்னு. அவர்கிட்டச் சொன்னேன். கையெடுத்துக் கும்பிட்டார்.

கும்பிட்டுட்டு ஒரு வழியும் சொன்னார். ஒரு காகிதத்தை டைப் அடிச்சு நீட்டினார். 'மேற்படி தொகை பொதுமக்கள் மனமுவந்து அளித்த நன்கொடையே ஆகும். எக்காலத்திலும் எவருக்கும் திருப்பித் தர வேண்டியதில்லை.' "இதுல கையெழுத்துப் போட்டுப் பெரிய ஆபீஸ்ல கொடுங்க. ரெண்டாம் தவணை வந்துரும். ஐப்பசிக்குள்ள தளம் போட்டுறலாம்"னார்.

எவருக்கும் திருப்பித் தர வேண்டியதில்லையாம். மூணாங்கிளாஸ் படிச்சவ நான், அந்த ஒரு வரியை எழுத்துக்கூட்டிப் படிக்க எனக்கு அரை மணி நேரம் ஆச்சு.

சேதி எப்படித்தான் பரவுச்சோ, சாயங்காலம் ஆபீஸ் வாசல்ல கூட்டம். பக்கத்து ஊர்த் தலைவர் ஒருத்தர் வண்டியை நிறுத்தாமக்கூடப் பேசுறார். "அக்கா, ஆவணி இருபதுல எங்க ஊர் விருந்து. எழுவத்தஞ்சாயிரம் எழுதியிருக்கேன். லட்சமா வரணும். காகிதம் கீகிதம்னு எங்கிட்ட வராதே." உடையப்பன் வழக்கம் போல ரெண்டடி தள்ளி நின்னார். "கையெழுத்துப் போட்டா பாலம் வரும். போட்டவ மொய் தின்னவ. நீயே முடிவு பண்ணிக்க ஆத்தா"ன்னார். அந்த ஆள் விருந்துல இருநூறு ரூபாய் எழுதினவர்.

மூணு நாள் எனக்குச் சோறு இறங்கலை. போடாட்டி பாலம் இல்லை, தேன்மொழி இல்லை, பேத்தி இல்லை. போட்டா ஆயிரத்து நூத்து நாற்பத்து மூணு பேர் முகத்துல எப்படி முழிக்கிறது? வீட்டுக்காரர்கிட்டக் கேட்டேன். "சேலை கட்டிக்கிட்டு வந்து சொல்லட்டுமா?"ன்னார். இத்தனை மாசம் வாயிலயே வச்சிருந்திருக்கார் பாருங்க.

நாலாம் நாள் விடியக்காலையில மாட்டுக்குத் தண்ணி காட்டும்போது புரிஞ்சது. ஊராட்சிதானே கடன் வாங்கக்கூடாது? வீடு வாங்கலாமில்ல? டவுனுக்கு ஆள் அனுப்பி மூணு நீள நோட்டு வாங்கிட்டு வரச்சொன்னேன். வைரவனை எங்க வீட்டுல உட்கார வச்சு, ஊர் நோட்டுல இருக்கிற பேரையெல்லாம் எங்க வீட்டு நோட்டுக்கு மாத்தி எழுதச் சொன்னேன். பேரு, ஊரு, தொகை. ரெண்டு நாள் எழுதினான். இனி அது ஊர்க் கடன் இல்லை, எங்க வீட்டு மொய். பதினோரு தலைவரையும் கூப்பிட்டு நோட்டைக் காட்டினேன். தடவிப் பார்த்தாங்க. "வீட்டு நோட்டுன்னா சரிதான் அக்கா, அரசாங்கத்தை யாரு நம்புறது"ன்னு சொல்லிட்டு வண்டியேறிட்டாங்க.

அந்த நோட்டுதான் இது. தூக்கிப் பாருங்க, கனம் தெரியும். பெரிய ஆபீஸ்ல ஒருவேளை கேட்டா எடுத்துக் காட்டலாம்னு கொண்டுபோறேன். வைரவன் காட்டவே காட்டாதீங்கன்னான். பார்ப்போம். இன்னிக்குக் காகிதத்துல கையெழுத்துப் போடப் போறேன், மனசு சுத்தமாப் போடப் போறேன். ஊராட்சி யாருக்கும் ஒரு பைசா திருப்ப வேண்டியதில்லை. பொய் இல்லையே.

பன்னெண்டு லட்சத்து நாற்பதாயிரத்தை எப்படித் திருப்புவேன்னு கேட்கிறீங்களா? ஒரே நாள்லயா கேட்பாங்க? இந்த ஆவணியில ரெண்டு ஊரு, அடுத்த ஆவணியில மூணு ஊரு, அப்படி அப்படியே பத்துப் பதினஞ்சு வருஷம் ஓடும். மேல சேர்த்துச் செய்யிறதால பதினஞ்சு, பதினாறு லட்சம் ஆகும். எனக்கு இப்பவே அறுபத்து மூணு. அவ்வளவு காலம் நான் இருக்கப் போறதில்லை, எங்க வீட்டுக்காரர் பீடிக்கு அவரும் இருக்கப் போறதில்லை. அதனால யோசனை பண்ணித்தான் எழுதியிருக்கேன். இங்க பாருங்க முதல் பக்கம், சிவப்பு மையில. 'குமரவேலு – தேன்மொழி இல்லம்.'

அவகிட்டச் சொல்லலையே இன்னும். தளம் போடட்டும், பாலத்து மேல நடந்து வீடு வந்து சேரட்டும், கால் கழுவி உள்ள வந்து உட்காரட்டும், அப்புறம் மெல்லச் சொல்லிக்கலாம். இப்பவே சொன்னா வருவாளா? பாலம் யாருக்கு, அவளுக்குத்தானே. அதுல ஒரு பங்கு அவ தலையில விழுந்தா என்ன குத்தம்?

ஸ்டாண்டு வந்துருச்சு போல. நீங்க முதல்ல இறங்குங்க, எனக்கு முழங்கால் மெதுவாத்தான் மடங்கும்.

காலையில பஸ் ஏறும்போது அவளே ஃபோன் போட்டா தாயி. இன்னிக்குப் பெரிய ஆபீஸ்னு மகன் சொல்லியிருக்கான். "அத்தை, அங்க நீட்டுற காகிதத்துல எல்லாம் கையெழுத்துப் போட்டுறாதீங்க. அவங்க பாட்டுக்கு எதையாவது நம்ம தலையில கட்டிருவாங்க. யாராவது படிச்சவங்ககிட்டக் கொடுத்து ஒரு தடவை படிக்கச் சொல்லிட்டுப் போடுங்க"ன்னா. எவ்வளவு அக்கறை பாருங்க. அவளுக்கு அந்தச் சிரமமே நான் வைக்கலை. மொய் நோட்டுல கையெழுத்துக்கு இடமே கிடையாது, பேரு மட்டும்தான்.